இல்லாத காம் போர்ட்டும் எண்ணூர் ரோட்டு எடைமேடையும்

ராயபுரம் ஜீரோ கேட்டில் இருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போய் வருகிறவர்களுக்கு ஒரு காட்சி பழகிப் போயிருக்கும். ரோட்டோரம் நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள். நடுநடுவே எடைமேடைகள். (எடைமேடை என்று போர்டில்தான் எழுதியிருக்கும், வாயில் வருவது வே பிரிட்ஜ்.) வண்டி மேடையில் ஏறி நிற்கிறது. கேபினுக்குள் ஒரு சின்னப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் 41,260 என்று மின்னுகிறது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் கணினித் திரையில் வெறும் 0.

"இன்னாண்ணே, சீட்டு வரலியா?"

"இருப்பா, கம்ப்யூட்டர் நம்பர் எடுக்க மாட்டேங்குது."

அடுத்து என்ன நடக்கும்? கணினி ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். பின்னால் இருக்கும் ஒயர் நாலு தடவை ஆட்டப்படும். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கியதும், பெட்டியில் தெரிகிற எண்ணைப் பார்த்துக் கையால் டைப் செய்து சீட்டு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் சர்வீஸ் ஆள் வந்து கணினியை ஃபார்மட் செய்வார். அது சரியாகவில்லை என்றால் புதுக் கேபிள், அதுவும் சரியாகவில்லை என்றால் புதுக் கணினி.

இத்தனையும் செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் பெரும்பாலும் செய்வதில்லை. அந்த ஒயரில் உண்மையில் என்ன வருகிறது என்று ஒரு டெர்மினலைத் திறந்து பார்ப்பதில்லை. இரண்டு நிமிட வேலை அது. தெரியாததால்தான் செய்வதில்லை. வடசென்னையில் டிப்ளமோவும் இன்ஜினியரிங்கும் படிக்கிற பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைகளில் இது ஒன்று. கற்றுக்கொள்ள எடைமேடையும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். மென்பொருளால் உருவாக்கிய, கையால் தொட முடியாத ஒரு சீரியல் போர்ட் போதும்.

"சீரியல் போர்ட்டா? அது செத்துப்போய் எத்தனை வருஷம் ஆச்சு" என்று சிரிப்பவர்கள் உண்டு. லேப்டாப்பின் பின்பக்கத்தில் செத்துவிட்டது உண்மைதான். ஆனால் மேடைக்கு அடியில் இருக்கும் லோட் செல்கள் தரும் மில்லிவோல்ட் அளவை எண்ணாக மாற்றும் அந்தச் சின்னப் பெட்டி, அதாவது இண்டிகேட்டர், இன்றைக்கும் பெரும்பாலும் ஆர்.எஸ்.-232 வழியாகத்தான் கணினியோடு பேசுகிறது. தொழிற்சாலைகளில் மீட்டர்களும் பி.எல்.சி.களும் பேசும் மோட்பஸ் 1979-இல் வந்தது, அதுவும் சீரியல் ஒயருக்காகப் பிறந்ததுதான். காசிமேட்டில் இருந்து கிளம்பும் விசைப்படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியைத் திறந்து பார்த்தால் அங்கேயும் வழக்கமாக என்.எம்.இ.ஏ. 0183 என்ற சீரியல் மொழி இருக்கும், வேகம் 4800 பாட். ஆக, எண்ணூர் பக்கம் வேலைக்குப் போகிறவருக்குச் செத்த போர்ட் என்று ஒன்று கிடையாது.

ஆர்.எஸ்.-232 தரம் 1960-இல் வந்தது. அதே 1960-இல்தான் கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனமும் தொடங்கப்பட்டது, இத்தாலியின் ஒலிவெட்டி கூட்டோடு. தந்தி ஆபீஸ்களில் கடகடவென்று ஓடிய இயந்திரங்களைத் தயாரித்த கம்பெனி. லினக்ஸில் டெர்மினல் சாதனங்களின் பெயர் 'டி.டி.ஒய்.' என்று தொடங்குவது அந்த வகை டெலிடைப் இயந்திரங்களின் நினைவாகத்தான். தந்தி சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. பெயர் மட்டும் எல்லா லினக்ஸ் கணினியிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, இல்லாத போர்ட்டை எப்படி உண்டாக்குவது? விண்டோஸில் காம்0காம் என்று ஒரு இலவச, திறமூல மென்பொருள் இருக்கிறது. அது எப்போதும் ஜோடியாகத்தான் போர்ட் தரும். உதாரணத்துக்கு காம்5, காம்6. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத குறுக்கு ஒயர் ஒன்று ஓடுவதாக வைத்துக்கொள்ளலாம். காம்5-இல் எழுதினால் காம்6-இல் வரும், காம்6-இல் எழுதினால் காம்5-இல் வரும். நிஜ ஒயரில் இரண்டாம் பின்னையும் மூன்றாம் பின்னையும் மாற்றிச் சால்டர் செய்கிற வேலையை இங்கே மென்பொருளே செய்துவிடுகிறது. எடை மென்பொருளை காம்5-க்கு வைத்துவிட்டு, புட்டியைத் திறந்து காம்6-ஐப் பிடித்தால் தீர்ந்தது. (முன்பு விண்டோஸோடு ஹைப்பர்டெர்மினல் சும்மா வந்தது. விஸ்டாவோடு அதை எடுத்துவிட்டார்கள்.) லினக்ஸில் இதே வேலையை சோகேட் என்ற கட்டளை ஒற்றை வரியில் செய்யும். ஒரு முனையில் மினிகாமோ ஸ்கிரீனோ வைத்துக்கொள்ளலாம்.

யோசித்தால் வேடிக்கைதான். டெர்மினலும் நிஜம் இல்லை, திரையில் ஒரு ஜன்னல் டெர்மினல் வேஷம் போடுகிறது. போர்ட்டும் நிஜம் இல்லை, ஒயரும் நிஜம் இல்லை. நடுவில் போகிற எழுத்துக்கள் மட்டும் நிஜம் :-)

முதல் தடவை செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. விழாமல் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை. டெர்மினலைத் திறந்து தட்டினால் திரையில் ஒன்றுமே தெரியாது. "ஒர்க் ஆகலை" என்று மூடிவிடுவார்கள். உண்மையில் எழுத்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். தட்டுகிற எழுத்து திரையில் தெரிய வேண்டுமானால் எதிர்முனை அதைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது லோக்கல் எக்கோவை இயக்க வேண்டும். எடை மென்பொருள் எதற்குத் திருப்பி அனுப்பப் போகிறது?

லினக்ஸில் இதற்கு நேர் எதிரான கூத்து. சோகேட்டில் 'ரா' என்றும் எக்கோ வேண்டாம் என்றும் சொல்ல மறந்தால், இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று எதிரொலித்து ஒரே எழுத்தைப் பந்து மாதிரி மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது என்டர் கீ. டெர்மினலில் என்டர் தட்டினால் வழக்கமாகப் போவது 13 என்ற எழுத்து மட்டும். எதிரில் இருக்கும் நிரல் வரி முடிவுக்கு 10-ஐ எதிர்பார்த்துக் காத்திருந்தால் வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கும். பல இண்டிகேட்டர்கள் எடைக்கு முன்னால் 2 என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தை அனுப்பித்தான் ஆரம்பிக்கும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் இருக்கிற விதத்தில் இல்லை. மைக்ரோபிராசஸர் பேப்பரில் 8251 சிப்பின் பிளாக் டயகிராமைப் பதினாறு மார்க்குக்கு வரைந்துவிட்டு வந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் ஒரே ஒரு எழுத்தையாவது ஒரு போர்ட் வழியாக அனுப்பிப் பார்த்திருப்பார்கள்?

இப்போது திரும்பவும் அந்த எடைமேடைக் கேபினுக்கு வருவோம். மாய போர்ட் அங்கே என்ன உதவி செய்யும்? குற்றவாளி யார் என்று பிரித்துக் காட்டும். எடை மென்பொருளை காம்5-க்கு மாற்றி, காம்6-இல் இருந்து இண்டிகேட்டர் அனுப்புகிற மாதிரியே ஒரு வரியைத் தட்டினால், திரையில் எடை வருகிறதா இல்லையா? வந்தால் மென்பொருள் நிரபராதி, ஒயரையும் இண்டிகேட்டரையும் பார்க்க வேண்டும். வராவிட்டால் ஒயரைத் தொடவே வேண்டாம். அடுத்ததாக டெர்மினலை நிஜ போர்ட்டில் மாட்டிப் பார்த்தால் மீதிக் கதையும் தெரிந்துவிடும். ஒன்றுமே வரவில்லையா, கேபிள் அல்லது இண்டிகேட்டர் செட்டிங். குப்பை எழுத்தாக வருகிறதா, பாட் வேகம் தப்பு, அல்லது அது 7 பிட், ஈவன் பேரிட்டி என்று பேசுகிறது, கணினி 8 பிட், பேரிட்டி இல்லை என்று கேட்கிறது. எழுத்து சுத்தமாக வருகிறதா, அப்படியானால் மென்பொருள் தப்பான போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கடைசி வகை மிகவும் சகஜம். யு.எஸ்.பி. கன்வெர்ட்டரைக் கழற்றி வேறு ஓட்டையில் செருகினால் விண்டோஸ் புது எண் கொடுத்துவிடும். நேற்று காம்4, இன்று காம்17. விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய பழைய மென்பொருளின் எம்.எஸ்.காம் பாகம் 16-க்கு மேல் எண்ணத் தெரியாதது. அதற்கு காம்17 என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. இதற்காக ஒரு கணினியையே மாற்றுவது அநியாயச் செலவு.

டாஸ் காலத்து நிரலை இன்னும் ஓட்டுகிற இடமாக இருந்தால் வேறு வைத்தியம். அந்த நிரல் இயங்குதளத்தைக் கேட்காமல் நேராகச் சிப்பின் கதவைத் தட்டும். யு.எஸ்.பி. கன்வெர்ட்டரில் அந்தச் சிப் அந்த முகவரியில் கிடையாது. டாஸ்பாக்ஸ், கியூஎமு, விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி ஒன்றுக்குள் நிரலை வைத்தால், அது 16550 சிப் மாதிரியே நடித்து, வருவதை வெளியே இருக்கும் போர்ட்டுக்குக் கடத்திவிடும். கியூஎமுவில் சீரியலை 'பி.டி.ஒய்.' என்று கேட்டால் தொடங்கும்போதே எந்த எண்ணில் திறந்திருக்கிறது என்று ஒரு வரி சொல்லும், டெர்மினலை அங்கே மாட்ட வேண்டியதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு மாய போர்ட்டின் பொய்யையும் சொல்லிவிட வேண்டும். அது வேகத்தைப் பற்றிப் பொய் சொல்லும். நிஜ ஒயரில் 9600 பாட், 8 பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்றால் ஓர் எழுத்துக்குப் பத்து பிட், நொடிக்கு 960 எழுத்துக்கு மேல் போகாது. 2400-இல் வெறும் 240. மாய ஜோடியில் ஒரு முனையை 2400 என்றும் மறுமுனையை 115200 என்றும் வைத்தாலும் சுத்தமாக எழுத்து போகும். அங்கே கடிகாரமே கிடையாது. காம்0காமில் வேகத்தை நடிக்க வைக்கும் ஒரு வசதி உண்டு, கேட்டால்தான் நடிக்கும். மாய போர்ட்டிலேயே பழகிய பையன் நிஜ எடைமேடைக்குப் போனதும் முதலில் அடிபடுவது இங்கேதான்.

இன்னொன்று உப்பு. எண்ணூர் கடற்கரைக் காற்றில் கனெக்டர் பின் பச்சை பூத்துப்போவதை எந்த எமுலேட்டரும் காட்டாது. மேடையில் இருந்து கேபினுக்கு வரும் ஒயரில் ஐப்பசி மழையில் இடி இறங்குவதையும் காட்டாது. ஒன்றுக்கு மைனஸ், பூஜ்யத்துக்குப் பிளஸ் என்று மூன்று வோல்ட்டுக்கு மேல் ஆடும் மின்னழுத்தமும் அங்கே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிப் அசலா போலியா என்பதும் தெரியாது. 2014-இல் எஃப்.டி.டி.ஐ. கம்பெனியின் டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிவிட்டது. போலி என்று தெரியாமல் வாங்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே மாய போர்ட் முதல் படி. இரண்டாம் படிக்கு ஒரு கன்வெர்ட்டரும் மூன்று ஒயரும் வேண்டும். அதுவும் கல்லூரி லேப் கொடுக்க முடியாத செலவு இல்லை.

ஆனால் இந்தப் பயிற்சியில் ரிப்பேரைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. காம்6-இல் ஒரு மாணவர் 41260 என்று தட்டி என்டர் அடிக்கிறார். எடை மென்பொருள் அதை வாங்கிக்கொண்டு, தேதி, நேரம், வண்டி நம்பரோடு அழகான சீட்டு அடிக்கிறது. அடுத்து 31260 என்று தட்டுகிறார். அதற்கும் சீட்டு வருகிறது. பத்து டன் காணாமல் போய்விட்டது, மேடையில் வண்டியே இல்லை! போர்ட்டுக்கு அந்தப் பக்கம் யார் பேசுகிறார்கள் என்று கணினிக்குத் தெரியாது. என்.எம்.இ.ஏ. வரியின் கடைசியிலாவது ஒரு செக்சம் இருக்கிறது. அதுவும் ஒயர் கோளாறைத்தான் பிடிக்கும், ஆளைப் பிடிக்காது. பல இண்டிகேட்டர்களின் எடை வரியில் அதுகூட இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 2016 ஜூலை 1 முதல், சோலாஸ் விதிப்படி, சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் ஏற்றுமதிக் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது. அந்த எடை பெரும்பாலும் இப்படிப்பட்ட மேடைகளில் இருந்துதான் வருகிறது. எடையில் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு எம்.எஸ்.சி. நெப்போலி உதாரணம். 2007 ஜனவரியில் இங்கிலீஷ் கால்வாயில் உடைந்த கப்பல். விசாரணையில் மேல்தளக் கன்டெய்னர்களை எடுத்து எடை போட்டபோது, 137 பெட்டிகள் அறிவித்த எடையில் இருந்து 3 டன்னுக்கு மேல் மாறுபட்டிருந்தன. கப்பல் உடைய அது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் அறிவிக்கும் எடையை நம்ப முடியாது என்பது அன்றைக்கு அம்பலமானது.

"இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் திருட்டுக்கு வழி காட்டின மாதிரி ஆகாதா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான பயம், ஆனால் தேவையில்லாத பயம். திருட நினைப்பவருக்கு மாய போர்ட் எதற்கு? கையால் எடை டைப் செய்யும் பெட்டி அதே மென்பொருளில் திறந்தே கிடக்கிறதே, ஒயர் பழுதான அன்றைக்கு எல்லோரும் பார்க்க அதில்தானே தட்டுகிறார்கள். மறைத்து வைப்பதால் திருடருக்கு நஷ்டம் இல்லை. சீட்டை நம்பி ரோட்டில் போகும் டிரைவருக்கும், அந்தச் சீட்டை வைத்துக் கூலி வாங்குகிறவருக்கும்தான் நஷ்டம்.

சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 இருக்கிறது. எடைமேடைக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும். சோதனை எடையை வைத்துப் பார்ப்பதும் முத்திரை வைப்பதும் பொதுவாக மேடைக்கும் இண்டிகேட்டருக்கும்தான். சீட்டு அடிக்கிற கணினி அந்த முத்திரைக்கு வெளியே நிற்கிறது. சட்டத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, அளக்கிற கருவிக்குத்தான் முத்திரை வைக்க முடியும். ஆனால் மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒன்று செய்யலாம். கையால் தட்டிய எடைக்கு, சீட்டிலேயே 'கையால் பதிந்தது' என்று அச்சாகட்டும். எந்தப் போர்ட்டில் இருந்து வாங்கியது என்பதும் பதிவேட்டில் இருக்கட்டும். நிரலில் நாலு வரி வேலை. இதை நாளைக்கு எழுதப்போவது இன்றைக்கு லேப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்தான், அவர்களுக்கு இந்த ஓட்டை இருப்பது தெரிந்திருக்க வேண்டாமா?

டிரைவர்கள் இதற்கெல்லாம் முன்னாலேயே உஷார். பல மேடைகளில் கேபினுக்கு வெளியே, தூரத்தில் இருந்து தெரிகிற மாதிரி, பெரிய சிவப்பு எண் பலகை ஒன்று மாட்டியிருப்பார்கள். அது வழக்கமாகக் கணினியில் இருந்து வருவது இல்லை. இண்டிகேட்டரில் இருந்தே தனி ஒயர், சிலவற்றில் டெலிபிரிண்டர் காலத்து 20 மில்லியாம்ப் கரன்ட் லூப். நடுவில் கணினி இல்லை, காம் போர்ட் எண் குழப்பம் இல்லை, விண்டோஸ் அப்டேட்டும் இல்லை. வண்டியை மேடையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எண் ஆடாமல் நிற்கும் வரை டிரைவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நின்றதும் கிளீனரிடம் சொல்வார், அவன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வான். அப்புறம்தான் இறங்கி சீட்டு வாங்கப் போவார்கள்.